காய்ச்சல் தணிந்த மறுநாள்

நோயுற்ற குழந்தையை மீண்டும் காப்பகத்துக்கு அனுப்பும் நாளை எவ்வாறு தீர்மானிப்பது? பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய அளவுகோல்களும் இல்லத்தில் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகளும்.

பணிக்குச் செல்லும் பெற்றோரின் இல்லங்களில் ஆண்டுக்குப் பலமுறை எழும் கேள்வி ஒன்று உண்டு. நேற்றிரவு காய்ச்சலில் துவண்டு கிடந்த குழந்தை இன்று காலை எழுந்து சிரிக்கிறது. ஆனால் மூக்கு ஒழுகுகிறது. நெற்றி சற்றே கதகதப்பாக இருக்கிறது. தந்தைக்கு அலுவலகத்தில் மாதக் கணக்கு முடிக்கும் நாள். தாய்க்குத் தள்ளிவைக்க முடியாத கூட்டம். தாத்தா, பாட்டி இருக்கும் ஊரோ ஓர் இரவு இரயில் பயணத் தொலைவில் உள்ளது. குழந்தையைக் காப்பகத்துக்கு அனுப்பலாமா, வேண்டாமா? அலுவலகத்துக்குப் புறப்படும் அவசரத்தில் அரை மணி நேரத்துக்குள் இதற்கு விடை காண வேண்டியிருக்கிறது.

இந்த முடிவு ஒரு குழந்தையை மட்டும் சார்ந்ததன்று. அதே அறையில் தவழும் மற்றக் குழந்தைகளின் நலமும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணின் நலமும், பெற்றோரின் வருமானமும் இதில் அடங்கியுள்ளன. மனம் பதறும் நேரத்தில் ஆராய்ந்து முடிவெடுப்பது கடினம். ஆகவே, அளவுகோல்களை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வளர்ந்து வரும் தேவை

நம் நாட்டில் குழந்தைகள் காப்பகம் நேற்று முளைத்த ஏற்பாடன்று. 1969ஆம் ஆண்டு தில்லி இராஜ்காட் அருகே கட்டுமானப் பணியில் ஈடுபட்டிருந்த பெண்களின் குழந்தைகள் வெயிலிலும் புழுதியிலும் கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன், பணியிடத்திலேயே அவர்களுக்கென ஒரு காப்பகத்தைத் தொடங்கினார். ‘மொபைல் கிரெச்சஸ்’ என்னும் அமைப்பு அவ்வாறே பிறந்தது. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டு, அங்கன்வாடிகள் நாடெங்கும் பரவின. 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் காப்பக வசதி அளிக்க வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் சென்று குழந்தையைக் காணலாம் என்றும் கூறியது. இன்று ‘பால்னா’ திட்டத்தின்கீழ் அங்கன்வாடியுடன் இணைந்த காப்பகங்களும் செயல்படுகின்றன.

பெருநகரங்களில் தனியார் நடத்தும் ‘டே கேர்’ மையங்கள் பெருகியிருப்பதை நாம் அறிவோம். கூட்டுக் குடும்பத்தில் அத்தையோ பாட்டியோ செய்த வேலையை இம்மையங்கள் செய்கின்றன. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வீட்டில் நோயுற்ற குழந்தைக்கு மடி கிடைக்கும். காப்பகத்திலோ ஒரு பணிப்பெண்ணின் பொறுப்பில் பல குழந்தைகள் இருக்கும்.

அடிக்கடி நோய் வருவது இயல்பே

“காப்பகத்தில் சேர்த்த நாள் முதல் மாதந்தோறும் மருத்துவரிடம் ஓடுகிறோம்” என்று புலம்பாத பெற்றோர் அரிது. குழந்தையின் உடல்நிலையிலேயே ஏதோ குறை இருப்பதாக அவர்கள் அஞ்சுகிறார்கள். பெரும்பாலும் அவ்வச்சம் தேவையற்றது. ஐந்து வயதுக்குட்பட்ட நலமான குழந்தைக்கே ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு என மருத்துவ நூல்கள் கூறுகின்றன. காப்பகத்தில் சேர்ந்த முதல் ஆண்டில் இந்த எண்ணிக்கை மேலும் கூடும். புதிய கிருமிகளைச் சந்தித்து உடல் எதிர்ப்பாற்றலைக் கற்றுக்கொள்ளும் காலம் அது. அடுத்தடுத்த ஆண்டுகளில் எண்ணிக்கை தானாகவே குறையும்.

சாதாரணச் சளி ஏழு முதல் பத்து நாட்கள் நீடிக்கும். இருமல் இரண்டு, மூன்று வாரங்கள் வரை தொடரலாம். மூக்குச்சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது மட்டுமே பாக்டீரியத் தொற்றுக்கு அடையாளமன்று. ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு அது மட்டும் காரணமும் ஆகாது. மூக்கு முற்றிலும் வறளும்வரை காத்திருப்பதென்றால் குழந்தை ஆண்டில் பாதி நாட்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும். எனவே, காய்ச்சலின்றி, நன்றாக உண்டு விளையாடும் குழந்தையைச் சளி, இலேசான இருமல் ஆகியவற்றுக்காக மட்டும் தடுத்து நிறுத்த வேண்டியதில்லை.

மேலும், பல நோய்கள் அறிகுறி தோன்றுவதற்கு முன்பே பரவத் தொடங்கிவிடுகின்றன. சின்னம்மை கொப்புளம் எழுவதற்கு ஒன்றிரண்டு நாட்கள் முன்னரே தொற்றும். ஆகவே, வீட்டில் நிறுத்திவைப்பதால் மட்டுமே நோய்ப்பரவலை முழுவதும் தடுத்துவிட முடியாது. தவறுதலாக ஒரு நாள் அனுப்பிவிட்டதற்காகப் பெற்றோர் குற்றவுணர்வில் வருந்தவும் வேண்டாம். ஆனால் அறிந்தே அனுப்புவது வேறு.

மூன்று கேள்விகள்

குழந்தை மருத்துவர்களும் காப்பக வல்லுநர்களும் உலகெங்கும் ஏறத்தாழ ஒரே வகையான மூன்று கேள்விகளைத் தங்கள் வழிகாட்டுதல்களின் அடிப்படையாகக் கொண்டுள்ளனர்.

முதலாவது: குழந்தையால் அன்றாட நிகழ்ச்சிகளில் ஈடுபட முடியுமா? உண்ணுதல், விளையாடுதல், உறங்குதல் ஆகியவற்றை ஓரளவு வழக்கம்போல் செய்கிறதா, அல்லது தோளைவிட்டு இறங்க மறுத்து அழுதுகொண்டே இருக்கிறதா?

இரண்டாவது: காப்பகப் பணியாளர்கள் தரக்கூடிய கவனிப்பைவிட அதிகக் கவனிப்பு இக்குழந்தைக்குத் தேவையா? மணிக்கொருமுறை வெப்பநிலை பார்ப்பதும், அடிக்கடி உடை மாற்றுவதும், கரண்டி கரண்டியாக நீர் புகட்டுவதும் ஒரு பணிப்பெண்ணின் நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், மற்றக் குழந்தைகள் கவனிப்பாரற்றுப் போவார்கள்.

மூன்றாவது: பிறருக்குத் தொற்றி, தீங்கு விளைவிக்கக்கூடிய நோயா இது?

முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்றும், பிந்தைய இரண்டுக்கும் ‘இல்லை’ என்றும் விடை வந்தால் குழந்தையை அனுப்பலாம். ஏதேனும் ஒன்றில் விடை மாறினாலும் அன்று வீட்டில் இருத்துவதே முறை. நோயின் பெயர் தெரியாத நிலையிலும் இந்த மூன்று கேள்விகள் பயன்படும் என்பதே இவற்றின் சிறப்பு.

காய்ச்சலும் 24 மணி நேரமும்

உடல் வெப்பநிலை 100.4 பாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ், அல்லது அதற்கு மேல் இருப்பதையே பொதுவாகக் காய்ச்சல் என்கிறோம். புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது நம் வழக்கம். ஆனால் அது நம்பத்தக்க அளவன்று. வீட்டில் ஒரு டிஜிட்டல் வெப்பமானி இருக்கட்டும். அக்குளில் வைத்து எடுக்கும் அளவு உடலின் உள்வெப்பத்தைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும் என்பதையும் நினைவில் கொள்க. குளித்த உடனேயோ, கனத்த போர்வைக்குள்ளிருந்து எழுந்த உடனேயோ அளவெடுத்தால் அது தவறாக அமையலாம்.

மருந்து எதுவும் கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால்தான் குழந்தையைத் திரும்ப அனுப்பலாம் என்பது காப்பகங்கள் பரவலாகக் கடைப்பிடிக்கும் விதி. இவ்விதியின் உயிர்நாடி ‘மருந்து எதுவும் கொடுக்காமலேயே’ என்னும் சொற்களில் உள்ளது. பாராசிட்டமால் காய்ச்சலைத் தற்காலிகமாகத் தணிக்கும், நோயைக் குணப்படுத்தாது. அதன் பயன் நான்கு முதல் ஆறு மணி நேரம்வரைதான். காலை ஏழு மணிக்கு ஒரு வேளை மருந்து கொடுத்து, எட்டரை மணிக்குச் சிரித்த முகத்துடன் விட்டுவந்த குழந்தைக்கு முற்பகல் பதினொரு மணிக்கோ நண்பகலிலோ மீண்டும் உடல் கொதிக்கும். காப்பகத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வருவதும் அந்நேரத்தில்தான். அதற்குள் பல பொம்மைகள் வாயிலிருந்து வாய்க்கு மாறியிருக்கும். பெற்றோரும் பாதி நாளில் பணியை விட்டு ஓடி வர வேண்டியிருக்கும். ஒரு நாள் விடுப்பைக் காப்பாற்ற எண்ணி எடுத்த முடிவு, அந்த நாளையும் காப்பகத்தாரின் நம்பிக்கையையும் சேர்த்தே இழக்கச் செய்துவிடுகிறது.

மருந்தளவைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. நம் மருந்துக் கடைகளில் கிடைக்கும் பாராசிட்டமால் சிரப் ஒரே வலிமையில் வருவதில்லை. 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி. உள்ளதும், 250 மி.கி. உள்ளதும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தோ 1 மி.லி.யிலேயே 100 மி.கி. கொண்டது. மூத்த குழந்தையின் புட்டியிலிருந்து இளைய குழந்தைக்கு ஊற்றினால் அளவு இரட்டிப்பாகிவிடக் கூடும். குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவர் குறித்துத் தந்த அளவை, புட்டியுடன் வரும் அளவுக் குவளையாலோ ஊசியில்லாச் சிரிஞ்சாலோ மட்டுமே அளந்து கொடுங்கள். வீட்டுக் கரண்டி அளவுகோலாகாது. ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஒருபோதும் தரக் கூடாது.

இருமல் மருந்துகளைப் பொறுத்தவரை, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைப் பரிந்துரைக்கக் கூடாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு அவை பொதுவாக ஏற்றவையல்ல என்றும் மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் 2025ஆம் ஆண்டு அக்டோபரில் அறிவுறுத்தியது. காப்பகத்தில் இருமல் கேட்கக் கூடாதே என்பதற்காகக் கடையில் சிரப் வாங்கிப் புகட்டும் பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

காய்ச்சல் விட்டாலும் காத்திருக்க வேண்டிய நோய்

காய்ச்சல் தணிந்து 24 மணி நேரம் கழிந்தால் போதும் என்னும் விதிக்கு நம் நாட்டில் ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. அது டெங்கு. மழைக்காலத்திலும் அதையடுத்த மாதங்களிலும் பெற்றோர் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

டெங்கு ஒரு குழந்தையிடமிருந்து மற்றொரு குழந்தைக்கு நேரடியாகத் தொற்றுவதில்லை. ஏடிஸ் கொசு வழியாகவே பரவுகிறது. ஆகவே, பிறருக்குத் தொற்றும் என்பது இங்கே பெரிய கவலையன்று. குழந்தைக்கே நேரக்கூடிய ஆபத்துதான் கவலை. பெரும்பாலான நோய்களில் காய்ச்சல் இறங்குவது நலம் திரும்புவதற்கு அறிகுறி. டெங்குவிலோ, நோய் தொடங்கிய மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்திலேயே நெருக்கடிக் கட்டம் தொடங்கக் கூடும். இரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் கசிவதும், தட்டணுக்கள் குறைவதும், இரத்த அழுத்தம் வீழ்வதும் அப்போதுதான் நிகழ்கின்றன. கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறு அல்லது மூக்கிலிருந்து இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு அல்லது அமைதியின்மை, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

டெங்கு உறுதியான அல்லது ஐயத்துக்குரிய குழந்தையைக் காய்ச்சல் விட்ட மறுநாளே காப்பகத்துக்கு அனுப்பாதீர்கள். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை வீட்டில் கண்காணிப்பில் இருக்கட்டும். டெங்கு ஐயம் உள்ளபோது ஐபுப்ரோஃபென் போன்ற மருந்துகளையும் தவிர்க்க வேண்டும். அவை இரத்தக் கசிவு ஆபத்தைக் கூட்டுகின்றன.

எந்த நோய்க்கு எத்தனை நாள்?

கீழ்க்காணும் கால அளவுகள் பொதுவான வழிகாட்டல்கள். உங்கள் குழந்தையின் மருத்துவர் வேறு கூறினால் அதுவே இறுதி.

வயிற்றுப்போக்கு, வாந்தி: இரண்டும் நின்று 48 மணி நேரம் கழிந்தபின் அனுப்புவது பாதுகாப்பானது. மலத்தில் இரத்தம் காணப்பட்டால் மருத்துவர் அனுமதித்த பின்னரே அனுப்ப வேண்டும். இக்காலத்தில் ஓ.ஆர்.எஸ். கரைசலும், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மி.கி. வீதம் 14 நாட்கள் துத்தநாகமும் தரப்படுகின்றன. மலம் கெட்டிப்பட்டவுடன் துத்தநாகத்தை நிறுத்திவிடாமல் 14 நாட்களையும் நிறைவு செய்ய வேண்டும். 1971ஆம் ஆண்டு வங்கதேச அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் பெருமளவில் பயன்படுத்தி மெய்ப்பித்த எளிய உப்புச் சர்க்கரைக் கரைசலே இன்று உலகெங்கும் குழந்தைகளின் உயிர் காக்கிறது.

கை, கால், வாய் நோய்: உள்ளங்கை, பாதம், வாய் ஆகிய இடங்களில் சிறு கொப்புளங்கள் தோன்றும். 2022ஆம் ஆண்டு கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் ‘தக்காளிக் காய்ச்சல்’ என்னும் பெயரில் பெற்றோரை அச்சுறுத்தியது இந்நோயின் ஒரு தோற்றமே என்று கருதப்படுகிறது. காய்ச்சல் விட்டு, வாய்ப்புண் ஆறி, எச்சில் வடியாமல் குழந்தை உண்ணத் தொடங்கியதும், கொப்புளங்கள் காய்ந்ததும் அனுப்பலாம். மலத்தில் கிருமி பல வாரங்கள் வெளியேறிக்கொண்டிருக்கும் என்பதால் டயப்பர் மாற்றிய பின் கை கழுவுவதில் தனிக் கவனம் தேவை.

சின்னம்மை: எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும்வரை வீட்டில் இருக்க வேண்டும். கொப்புளம் தோன்றிய நாளிலிருந்து பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாட்களாகும். காப்பகத்தில் கருவுற்ற பணியாளரோ, பெற்றோரோ இருப்பின் உடனே தெரிவிக்க வேண்டும். கருவுற்ற காலத்தில் இந்நோய் ஆபத்தை விளைவிக்கக் கூடும்.

தட்டம்மை: தடிப்பு தோன்றிய பின் நான்கு நாட்கள்.

பொன்னுக்கு வீங்கி: வீக்கம் தொடங்கிய பின் ஐந்து நாட்கள்.

கக்குவான் இருமல்: உரிய ஆன்டிபயாட்டிக் தொடங்கிய பின் ஐந்து நாட்கள்.

மஞ்சள் காமாலை (ஹெபடைட்டிஸ் ஏ): மஞ்சள் நிறம் தோன்றிய பின் ஒரு வாரம், அதன் பின்னரும் மருத்துவர் ஆலோசனைப்படி.

பாக்டீரியத் தொண்டைப் புண்: ஆன்டிபயாட்டிக் தொடங்கி 24 மணி நேரம் கழித்து, காய்ச்சலும் இல்லையெனில். மருந்தை மட்டும் மருத்துவர் கூறிய நாள்வரை முழுமையாகக் கொடுக்க வேண்டும்.

கண்வலி: ‘மெட்ராஸ் ஐ’ என்று நாம் அழைக்கும் இந்நோய் 2023ஆம் ஆண்டு மழைக்காலத்தில் தில்லி முதல் பல மாநிலங்களில் பரவியது. பெரும்பாலும் வைரசால் வருவது, தானே சரியாகும். கண்ணைக் கசக்காதே என்று சொன்னால் கேட்கும் வயது குழந்தைகளுக்கு இல்லை. ஆகவே நீர் வடிதலும் பீளையும் நிற்கும்வரை வீட்டில் இருத்துவது நல்லது. இன்னொருவருக்கு எழுதித் தந்த கண் சொட்டு மருந்தைப் பயன்படுத்தக் கூடாது.

சொறி சிரங்கு: முதல் முறை மருந்து பூசி முடித்த மறுநாள் அனுப்பலாம். வீட்டில் உள்ள அனைவரும் ஒரே நேரத்தில் மருந்து பூசிக்கொள்ளாவிட்டால் நோய் திரும்பும்.

பேன்: இதற்காகக் குழந்தையைத் திருப்பி அனுப்ப வேண்டியதே இல்லை. அன்று மாலை சிகிச்சையைத் தொடங்கினால் போதும்.

உடனே மருத்துவரிடம்

சில நிலைகளில் ‘காப்பகத்துக்கு அனுப்பலாமா’ என்னும் கேள்விக்கே இடமில்லை. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நேரம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூச்சு விரைவாக இருந்தால், குழந்தை அழாமல் அமைதியாக உள்ளபோது ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிப் பாருங்கள். இரண்டு முதல் 12 மாத வயதில் நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயதில் 40 அல்லது அதற்கு மேலும் இருந்தால் அது நிமோனியாவின் அறிகுறியாக இருக்கலாம். மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல், உதடு நீலம் பூத்தல், வலிப்பு, எதையும் குடிக்க மறுத்தல், குடித்ததெல்லாம் வாந்தியாதல், எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழிக்காமை ஆகியவையும் அவசர நிலைகளே.

காப்பகத்துடன் எழுத்தில் ஓர் உடன்பாடு

குழந்தையைச் சேர்க்கும்போது கட்டணத்தையும் உணவையும் விசாரிக்கும் நாம், நோய்க்கால விதிகளை விசாரிப்பது குறைவு. எந்த நோய்க்கு எத்தனை நாள் விலக்கு, பகலில் காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பார்கள், எவ்வளவு நேரத்துக்குள் வந்து அழைத்துச் செல்ல வேண்டும், காத்திருக்கும் குழந்தையை எங்கே படுக்க வைப்பார்கள், மருந்து கொடுப்பார்களா, எதற்கெல்லாம் மருத்துவச் சான்று கேட்பார்கள் என்பவற்றைச் சேரும் நாளிலேயே எழுத்தில் பெறுங்கள். விதி எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் ‘என் குழந்தையை மட்டும் திருப்பி அனுப்பினார்கள்’ என்ற மனக்குறை எழாது.

மருந்து கொடுக்க வேண்டியிருந்தால், நாளுக்கு இரு வேளை மட்டும் தரும் வகையில் அமைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். காலையும் இரவும் வீட்டிலேயே கொடுத்துவிடலாம். இயலாதபோது குழந்தையின் பெயர், அளவு, நேரம் ஆகியவற்றை எழுதி ஒட்டிய புட்டியைப் பணியாளரின் கையில் ஒப்படையுங்கள். பைக்குள் போட்டு அனுப்ப வேண்டாம்.

குழந்தைக்குத் தொற்றுநோய் என்று தெரிந்ததும் காப்பகத்துக்கு அறிவிப்பது நம் கடமை. வெட்கப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை. அந்த ஒரு தகவலால் தடுப்பூசி போடும் வயதை எட்டாத கைக்குழந்தையின் தாயும், மருந்துகளால் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும் மற்றொரு குழந்தையின் பெற்றோரும் எச்சரிக்கை அடைவார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்களையும் எண்ணிப் பாருங்கள். நாள் முழுவதும் மூக்கு துடைத்து, டயப்பர் மாற்றும் அவர்கள் மாலையில் தம் குழந்தைகளிடம் திரும்புகிறார்கள். அவர்கள் நோயுற்றால் ஊதியத்துடன் விடுப்புத் தரும் காப்பகமா என்று விசாரிப்பதும் நம் குழந்தையின் நலனுக்கான விசாரணைதான்.

சோப்பும் நீரும் கொண்டு கை கழுவுவதே மிகச் சிறந்த காப்பு. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சில வைரஸ்களிடம் சானிடைசர் போதிய பயன் தருவதில்லை. தடுப்பூசி அட்டவணையும் தவற வேண்டாம். ரோட்டா வைரஸ், நிமோகாக்கல், தட்டம்மை–ருபெல்லா ஆகிய தடுப்பூசிகள் அரசின் திட்டத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. காப்பகம் செல்லும் குழந்தைக்குச் சின்னம்மை, இன்ஃபுளுயென்சா தடுப்பூசிகள் தேவையா என்பதை மருத்துவரிடம் கேட்டறிக.

விடுப்பும் செலவும்: ஓர் எளிய கணக்கு

நோய் என்னும் சொல்லைக் கேட்டதும் பெருஞ்செலவுக்கு அஞ்சிக் காப்பீடு எடுக்கிறோம். ஆனால் சிறு குழந்தை உள்ள வீட்டின் நிதியைக் கரைப்பவை பெரும்பாலும் சிறு நோய்களே. ஆண்டுக்கு எட்டு முறை உடல்நலம் குன்றி, அவற்றுள் பாதிக்கு மட்டும் தலா இரண்டு நாட்கள் வீட்டில் இருக்க நேர்ந்தாலும் எட்டு நாட்கள் ஆகின்றன. மத்திய அரசு ஊழியர் ஒருவருக்கு ஓராண்டில் கிடைக்கும் தற்செயல் விடுப்பு முழுவதும் அதுவே.

மத்திய அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கும், துணையின்றித் தனித்துக் குழந்தை வளர்க்கும் ஆண்களுக்கும் பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாட்கள் குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. ஆனால் ஒரு தவணையில் ஐந்து நாட்களுக்குக் குறையாமல் எடுக்க வேண்டும் என்பதால், இரண்டு நாள் காய்ச்சலுக்கு அது உதவாது. சின்னம்மை போன்ற நீண்ட நோய்க்கு உதவும். தனியார் துறையில் விடுப்பு விதிகள் மாநிலத்துக்கு மாநிலம், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுகின்றன. நாட்கூலிக்கும் வீட்டு வேலைக்கும் செல்லும் தாய்க்கோ, விடுப்பு என்பதே ஒரு நாள் வருமான இழப்பு. காய்ச்சல் முழுவதும் விடுமுன் குழந்தையை அனுப்பும் பெற்றோரை அலட்சியக்காரர் என்று எளிதில் கூறிவிட முடியாது. பல வேளைகளில் அவர்களுக்கு வேறு வழி இருப்பதில்லை.

வழி உள்ளவர்கள் அதனை முன்கூட்டியே அமைத்துக்கொள்ளலாம். ஆண்டின் தொடக்கத்திலேயே தாய், தந்தை இருவரும் தத்தம் விடுப்பில் நான்கைந்து நாட்களைக் குழந்தைக்கென ஒதுக்கிவைக்கலாம். காப்பகத்தில் முதல் தொடர்பு எண்ணாக எப்போதும் தாயின் கைப்பேசி எண்ணே இருக்க வேண்டும் என்பதில்லை. முற்பகல் ஒருவர், பிற்பகல் ஒருவர் எனப் பகிர்ந்துகொண்டால் இருவர் பணியும் முற்றிலும் தடைப்படாது. அண்டை வீட்டார், உறவினர், ஓய்வுபெற்ற நண்பர் ஆகியோருள் அவசரத்துக்கு உதவக்கூடிய ஒருவரையேனும் நலமான நாட்களிலேயே குழந்தையுடன் பழகச் செய்யுங்கள். காய்ச்சலில் அழும் குழந்தை புதிய முகத்தை ஏற்காது.

மருத்துவக் காப்பீட்டைப் பொறுத்தவரை, பல திட்டங்கள் மருத்துவமனையில் 24 மணி நேரம் அனுமதிக்கப்பட்டால்தான் பணம் தரும். மருத்துவர் கட்டணம், பரிசோதனை, சிரப், நெபுலைசர் போன்ற புறநோயாளிச் செலவுகள் பெரும்பாலும் நம் கையிலிருந்தே செல்கின்றன. ஆகவே, குடும்பத்தின் அவசரகால நிதியோடு சேர்த்துக் குழந்தையின் மருத்துவச் செலவுக்கெனத் தனியே ஒரு சிறு சேமிப்பை மாதந்தோறும் ஒதுக்குவது நல்லது. தொடர் வைப்பு முறையில் சேர்த்தாலும் சரி, சேமிப்புக் கணக்கில் தனித்து வைத்தாலும் சரி, அந்தத் தொகை நள்ளிரவிலும் எடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். குடும்பக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தையின் பெயர் சேர்க்கப்பட்டுள்ளதா என்பதையும் சரிபாருங்கள். பிறந்த குழந்தை தானாகவே அதில் சேர்ந்துவிடுவதில்லை. நிறுவனத்துக்குத் தெரிவித்துச் சேர்க்க வேண்டும்.

திரும்பச் செல்லும் நாள்

நலம் பெற்றுத் திரும்பும் முதல் நாளில் குழந்தை வழக்கத்தைவிட விரைவில் களைப்படையும். உணவும் சற்றுக் குறையும். இயலுமானால் அன்று அரை நாள் மட்டும் விடலாம். இரவு எப்படி உறங்கியது, கடைசியாக எப்போது மருந்து கொடுத்தீர்கள், காலையில் என்ன உண்டது ஆகிய மூன்றையும் பணிப்பெண்ணிடம் சொல்லிவிட்டு வாருங்கள். மறைக்காமல் சொல்லும் பெற்றோரின் குழந்தைக்கு உடல் சற்றே சூடேறினாலும் அவர்கள் விரைந்து கவனிப்பார்கள். ஐயம் தீராத நாளில் ஒரு நாள் கூடுதலாக வீட்டில் இருத்துங்கள். அன்று மாலையும் குழந்தை நன்றாக உண்டு, வழக்கம்போல் ஓடியாடினால், மறுநாள் காலை மனக்கலக்கமின்றிக் கொண்டு சென்று விடலாம்.

(இக்கட்டுரை பொதுவான தகவலுக்காக வெளியிடப்படுகிறது. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு இது மாற்றாகாது.)